டி. ஜெபமணியும் எஸ். ஜெபமணியும்

நாளை காலை உங்கள் மேஜைக்கு ஒரு பட்டியல் வரும். அதில் பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை கட்டுரை, அவற்றை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி நிரப்பச் சொல்வார்கள். எண்ணுங்கள், அதற்குத்தான் சம்பளம். எண்ணத் தொடங்கும்முன் கொஞ்ச நேரம் எனக்குக் கொடுங்கள். இருபத்தெட்டு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணியவள் நான். ஐம்பத்திரண்டு வயதில், போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள். வழியனுப்பு விழாவில் மாலை போட்டு, பொறுமைசாலி என்று பேசினார்கள். பொய். அத்தனை வருடமும் எனக்குள் ஒரு கோபம் அடுப்பிலிருந்து இறக்க மறந்த பால் மாதிரி பொங்கிக்கொண்டே இருந்தது. யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் எண் வருகிறது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஒருவர் ஒரு மனுஷியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகிறார். எண் தப்பாக இருக்காது. அதற்கு முன்னால் இருக்கும் பெயர் தப்பாக இருக்கும். அந்தத் தப்பை ஒருமுறை நானே செய்தேன். ஆசையோடு செய்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நூலக உதவியாளர் என்று பெயர். விஞ்ஞானிகளின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்வதும் என் தலையில்தான். மாதுங்காவிலிருந்து ரயிலில் போவேன். மல்லிகைச் சரமும் டிபன் டப்பாவுமாக ஏறி இறங்கும் ஆயிரம் பெண்களில் ஒருத்தி. இயக்குநரும் மாதுங்காக்காரர்தான். என் அப்பாவோடு ஒரே கோவிலில் ஒரே வரிசையில் நிற்பவர். அந்தச் சலுகையில்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அதனாலேயே அவர் முன்னால் என் வாய் திறக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டாக்டர் ஜெபமணி என்னைவிட ஏழெட்டு வயது மூத்த பெண். நரம்பியல் பிரிவில் மாடிப்படிக்குக் கீழே ஒதுக்கிய ஓர் அறை, ஒரு நுண்ணோக்கி, கூண்டில் எலிகள். அப்பா தேவசகாயம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து தாராவித் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். எலியின் சிறுமூளையைக் காகிதத்தைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, வெள்ளிக் கரைசலில் ஊறவைத்து, ஒரு கண்ணை நுண்ணோக்கியிலும் ஒரு கண்ணைத் தாளிலும் வைத்து ஜெபமணி வரைவார். கறுத்த ஒற்றை நரம்புச் செல். அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. பார்த்துக்கொண்டே இருந்தால் தாளில் காற்றடிக்கிற மாதிரி இருக்கும்.

"எங்கப்பா மாட்டுத் தோலச் சீவுனாரு, நான் எலி மூளையச் சீவுதேன். குடும்பத் தொழில விட்டுறல பாத்தியா" என்பார், கத்தியைத் துடைத்தபடி.

அவர் பதவி நிரந்தரமில்லை. வருடா வருடம் நீட்டிப்பு. ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த அறை அவருடையதா இல்லையா என்பது ஒரு தாளில் வரும். நிரந்தரப் பதவி ஒன்று கிடைத்துவிட்டால் நுண்ணோக்கியை யாரும் பிடுங்க முடியாது. அதற்காகத்தான் எழுதினார். நான்கு கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வந்தன. நான்கிலும் டி. ஜெபமணி. டி என்றால் தேவசகாயம்.

அந்தக் காலத்தில் நகலெடுக்கும் இயந்திரம் கிடையாது. ஒரு கட்டுரை பிடித்துப் போனால், உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்புங்கள் என்று எழுதினவருக்கே அஞ்சலட்டை போடுவார்கள். பிராகிலிருந்து வரும், டோக்கியோவிலிருந்து வரும், பெயரே படிக்கத் தெரியாத ஊர்களிலிருந்து வரும். ஜெபமணி அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். மனசு சரியில்லாத நாளில் டின்னைத் திறந்து ஒரு கை அட்டையை அள்ளி முகர்ந்து பார்ப்பார். பட்டறையின் தோல் நாற்றத்தோடு வளர்ந்த மூக்குக்கு அந்த மை வாசனை என்னவெல்லாம் சொல்லிற்றோ.

பிறகு அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சாமுவேல், குர்லாவில் ரயில்வே பணிமனையில் குமாஸ்தா, சாது. தாராவியில் சின்ன சர்ச். கூடத்திலிருந்து பாதிப்பேர் போனோம். இயக்குநரும் வந்தார். விருந்தில் கைவைக்கவில்லை, கலர் சோடா மட்டும் குடித்தார். எவர்சில்வர் கூஜா ஒன்று பரிசளித்தார். அந்தக் கூஜாவை மறந்துவிடாதீர்கள்.

ஜெபமணி இரண்டு வார விடுப்பில் இருந்தபோது அவருடைய ஐந்தாவது கட்டுரை என் மேஜையில் இருந்தது, கடைசிச் சுத்தப் பிரதிக்காக. மேலே அவர் கையெழுத்தில் டி. ஜெபமணி. எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான பெண்ணுக்கு இன்னும் அப்பா பெயரா? நம் வீடுகளில் தாலி ஏறிய மறுநாளே ரேஷன் கார்டிலிருந்து கல்யாண மொய் நோட்டு வரைக்கும் முதலெழுத்து மாறிவிடும். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை, மாறிவிடும். பாவம், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எஸ். ஜெபமணி என்று அடித்தேன். அந்த எஸ்-ஐ அடித்தபோது என் விரலில் இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. என்னால் முடிந்த கல்யாணப் பரிசு. அதே உற்சாகத்தில் ஊழியர் பட்டியலையும் திருத்தி அடித்து எல்லாப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அச்சு மெய்ப்பு வந்தது. ஜெபமணி பெயரைப் பார்த்தார். பென்சில் அந்த எழுத்துக்கு மேல் போய் நின்றது. நான் பக்கத்தில் நின்று, "நான்தான் மாத்தினேன் டாக்டர், நன்னா இருக்கோல்லியோ?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார். "இருக்கட்டும்ளா" என்றார். "அவுக பாத்தா சந்தோசப்படுவாக."

ஒரு முகம் வாடிவிடக் கூடாதே என்று ஒருவர் தன் பெயரை விட்டுக்கொடுத்ததை நான் பார்த்தேன். பார்த்தும் புரியவில்லை. அதன் பிறகு இரண்டு கட்டுரை. இரண்டிலும் எஸ்.

அடுத்த வருடம் நிரந்தரப் பதவி ஒன்று காலியானது. போட்டிக்கு இன்னொருவர் இருந்தார். தான் தொடாத வேலையிலும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் கலையில் கெட்டிக்காரர். தேர்வுக்குழுவில் வெளிநாட்டிலிருந்து புதிதாகத் திரும்பியிருந்த ஒரு பேராசிரியர். இனிமேல் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அச்சிட்டே விற்கிறார்கள், அதை எண்ணினால் போதும் என்று இயக்குநரிடம் சொல்லியிருந்தார். தலையணை கனத்தில் தொகுதிகள் வந்து இறங்கின. எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எண்ண உட்கார்ந்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் பெயரை முன்னால் போட்டு முதலெழுத்தைப் பின்னால் தள்ளுவார்கள். ஜெபமணி, டி. என்று ஒரு பெண். அவளுக்குக் கீழே பத்தி முழுக்க வரிகள், விரல் வைத்துக் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் வந்தது, சின்ன எழுத்தால் அல்ல. பிறகு, நடுவில் யார் யாரோ, அப்புறம் ஜெபமணி, எஸ். என்று இன்னொரு பெண். அவளுக்கு மூன்றே வரி. நேற்று வந்தவள் மாதிரி ஓரமாக நின்றாள்.

அப்போதுதான் புரிந்தது. நான் ஒருத்தியை இரண்டாக வெட்டியிருக்கிறேன். நன்றாக இருப்பவளை அப்பா வீட்டில் விட்டுவிட்டு, ஒன்றுமில்லாதவளை வேலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இரண்டையும் கூட்டி, ஒரே நபர் என்று குறிப்பு எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார்.

"அச்சுல என்ன இருக்கோ அதை எழுதும்மா. நீ ஜோசியம் சொல்ல வேண்டாம்."

கல்யாணத்துக்கு அப்புறம் முதலெழுத்து மாறித்து சார், நான்தான் மாத்தி அடிச்சேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் வீட்டு அழைப்பிதழ்களிலும் மாமியின் முதலெழுத்து மாறித்தானே இருந்தது. தெரியாதா அவருக்கு? நம் ஊர்க்காரர், நம் வழக்கம் அறிந்தவர். என் வாய் திறக்கவில்லை. திரும்ப வந்து எஸ்.-ஐ மட்டும் வைத்துப் பட்டியலை அடித்தேன். போட்டிக்காரர் வரியில் எண் கொழுத்துக் கிடந்தது.

ஆனால் ஜெபமணியிடம் போய்ச் சொன்னேன். "நாளைக்குக் கேப்பாக, சொல்லிக்கிடுவேன்" என்றார். "அந்தாளு நம்ம கல்யாணத்துக்கு வந்தவருதானே."

மறுநாள் நேர்காணல். நடவடிக்கைக் குறிப்பெடுக்க மூலையில் சுருக்கெழுத்து நோட்டோடு நான். பேச்சு ஆங்கிலத்தில், உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். பேராசிரியர் பட்டியலைப் பார்த்தார். மேற்கோள் மூன்றுதான் இருக்கிறதே என்றார். பிறகு முகம் மலர்ந்து, "இதே துறையில் இன்னொரு ஜெபமணி இருக்கிறாரே, தொகுதியில் பார்த்தேன். நல்ல வேலை. உங்கள் சகோதரியா? அவர் ஏன் விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்டார். நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியாதது.

"விண்ணப்பித்திருக்கிறாள் சார். உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள்" என்றார் ஜெபமணி.

ஆவணம் ஏதாவது உண்டா என்று இயக்குநர் கேட்டார். திருமணச் சான்று, பிரமாணப் பத்திரம், அது மாதிரி. கேட்டது யார்? அந்தக் கல்யாணத்தில் கலர் சோடா குடித்தவர். கூஜா கொடுத்தவர்.

ஜெபமணி கல்யாணச் சான்று எடுத்துவரவில்லை. நான்காவது கட்டுரையையும் ஐந்தாவதையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான்காவதில் வலது ஓரத்தில் அறுந்து நிற்கும் கிளை, ஐந்தாவதில் அதே இடத்திலிருந்து தொடர்வதைக் காட்டினார். ஒரே செல், ஒரே கை என்றார். பேராசிரியர் குனிந்து பார்த்தார், சுவாரஸ்யமாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, படம் யாரும் வரையலாமே என்று சொல்லி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தப் பத்து விநாடி இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அறையில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒருவர் சொல்லமாட்டார். மூன்றாவது ஆள் நான். எழுந்து நின்று, சார், அந்த எழுத்தை மாற்றி அடித்தது என் கை என்று சொல்லியிருந்தால் போதும். குறிப்பெடுக்க வந்தவள் பேசலாமா, அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன், வேலை போய்விடுமா, இப்படியெல்லாம் பத்து விநாடிக்குள் எத்தனை யோசிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பென்சில் முனை நோட்டில் குத்தி உடைந்தது. அவ்வளவுதான் நான் போட்ட சத்தம்.

ஜெபமணி வெளியே போனதும் இயக்குநர் சொன்னார், இன்றைக்கு இதை ஒத்துக்கொண்டால் நாளைக்கு எவரும் எவர் கட்டுரையையும் தன்னுடையது என்பார்கள் என்று. போட்டிக்காரர் ஊரார் வேலையில் எல்லாம் தன் பெயரை ஒட்டி வைத்திருந்தார்; அதற்கு ஆவணம் யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் நடவடிக்கைக் குறிப்பை அடித்தேன். எஸ். ஜெபமணி: மேற்கோள்கள் போதுமானவை அல்ல. கார்பன் வைத்து மூன்று பிரதி. மூன்றாவது பிரதியில் எழுத்து மங்கியிருந்தது என்று திரும்ப அடிக்கச் சொன்னார்கள். திரும்ப அடித்தேன். உங்களிடம் என்னத்தை மறைப்பது.

சில வாரம் கழித்து இயக்குநர் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம். யாரோ ஒரு முதியவர். டாக்டர் டி. ஜெபமணிக்கு இரண்டு முறை அட்டை போட்டேன், இரண்டும் திரும்பி வந்துவிட்டன, அவர் உயிரோடு இருக்கிறாரா, என் வேலையை அவர் வேலையின்மேல்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். கோப்பில் போடு என்று என்னிடம் வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு தபால் அறைக்கு ஓடினேன். அங்கே ஒரு மராட்டிய குமாஸ்தா, நல்ல மனுஷன். ரப்பர் முத்திரையைக் காட்டினார். 'இப்பெயரில் இங்கு எவரும் இல்லை.' எத்தனை அட்டையில் குத்தினீர்கள் என்று கேட்டேன். பத்திருக்கும், இருபதிருக்கும், யார் கணக்கு வைத்தார்கள் என்றார். எதற்குக் குத்தினீர்கள் என்று கத்தினேன். அவர் சுவரைக் காட்டினார். ஊழியர் பட்டியல் ஒட்டியிருந்தது.

"நீங்க அடிச்ச லிஸ்ட்தானே பெஹன்ஜி" என்றார், உடைந்த இந்தியில்.

ஒரு வருடமாக பிஸ்கட் டின்னில் புது அட்டையே விழவில்லை. என் வேலையை யாரும் படிக்கவில்லை போலிருக்கு என்று ஜெபமணி ஒருநாள் சொன்னதும், நான் டீ கொண்டுவரப் போனதும் நினைவுக்கு வந்தன.

ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் வண்டி மாறி செம்பூரில் ஜெபமணி வீட்டுக்குப் போனேன். சாமுவேல் கதவைத் திறந்தார். அந்தக் கடிதத்தை ஜெபமணியிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தை, பட்டியலை, முத்திரையை, பத்து விநாடியை. சாமுவேல் கேட்டுவிட்டு, "எம்பேரு வேணும்னு நான் என்னைக்குமே கேக்கலியே" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு டீ போட உள்ளே போனார். அலமாரியில் அந்தக் கூஜா பளபளவென்று இருந்தது.

ஜெபமணி கடிதத்தை இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீ பாசத்துல செஞ்ச. அவனுவ சட்டத்துல செஞ்சானுவ" என்றார். "என்னைய மட்டும் ஒருத்தரும் கேக்கல."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. டீயைக் கொடுத்தார், குடித்தேன், வந்தேன்.

அந்த மார்ச்சில் நீட்டிப்பு வரவில்லை. நுண்ணோக்கி போட்டிக்காரரின் அறைக்குப் போனது. அவர் அதன்மேல் உறை போட்டு வைத்தார், எனக்குத் தெரிந்து கழற்றவில்லை. ஜெபமணி ஒரு கல்லூரியில் உடலியல் பாடம் நடத்தப் போனார். போவதற்கு முன் கடைசிக் கட்டுரை ஒன்றை என்னிடம் கொடுத்தார். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இந்தத் தடவை கேட்டுட்டு அடி" என்றார்.

"என்ன போடட்டும் டாக்டர்?"

"ஜெபமணி. முன்னால பின்னால ஒண்ணும் வேண்டாம்."

அப்படியே அடித்தேன். இதழிலிருந்து முதலெழுத்து எங்கே என்று கேட்டு எழுதினார்கள். இல்லை என்று பதில் போட்டேன். ஆமாம், இயக்குநரிடம் காட்டாமல் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். என் முதல் துணிச்சல், ஒரு வருடம் தாமதமாக வந்தது.

எனக்கும் பிறகு கல்யாணமானது. தட்டச்சில் பரிசு வாங்கிய கே. விசாலம் எங்கோ போனாள். பென்ஷன் வாங்குவது ஆர். விசாலம். யாரும் கேட்கவில்லை, நானும் பென்சிலைத் தூக்கவில்லை. உங்களில் சில பெண்களும் அடுத்த தை மாதம் அப்படித்தான் மாறுவீர்கள். மாறுங்கள், அல்லது மாறாதீர்கள். வேறொருத்தி கை உங்களுக்காக அதை அடிக்க விடாதீர்கள். இன்னொருத்தியின் பெயர் உங்கள் விரலுக்குக் கீழே வரும்போது நின்று, அவளிடம் போய்க் கேளுங்கள். அவள் பக்கத்து அறையில்தான் இருப்பாள்.

நான் ஓய்வு பெறும் முன் கம்ப்யூட்டர் பழகிக் கொடுத்தார்கள். முதலில் என்ன தேடிப் பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? மூன்று பேர் வந்தார்கள். டி. ஜெபமணி, மேற்கோள் நிறைய. எஸ். ஜெபமணி, கொஞ்சம். எந்த எழுத்தும் இல்லாத ஜெபமணி, ஒரே கட்டுரை; இன்னும் யாரோ எங்கேயோ அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மூவரையும் சேர்க்க முடியுமா என்று சொல்லிக் கொடுக்க வந்த பையனிடம் கேட்டேன். ஒரே ஆள் என்று எப்படித் தெரியும் ஆன்ட்டி என்றான்.

இந்த முறை பத்து விநாடி எடுத்துக்கொள்ளவில்லை. தெரியும் என்றேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் மூன்று பேரையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் ஒரே கிளாஸில் டீ குடிப்பார்கள்.